மாதிரிப் பெண்ணின் தூரிகை

ஐரோப்பிய ஓவியம் பெண்ணின் நிர்வாண உடலுக்கு வீனஸ் என்றும் ஏவாள் என்றும் பெயர் சூட்டிற்று. அவ்வுடல் யாருடையது என்ற வினாவைக் கலைவரலாற்றாசிரியர் பெரும்பாலும் எழுப்பவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிசில் அது பெரும்பாலும் கூலிக்கு நின்ற ஏழைப் பெண்ணின் உடல். மணிக்கணக்காய் அசையாது நிற்பதும் உழைப்பே அன்றோ?

அவ்வுழைப்பாளிகளுள் ஒருவர் மரி கிளெமென்டின் வலடோன். மணமாகாத ஓர் ஏழைத் தொழிலாளியின் மகளாய் 1865 இல் பிறந்தார். இளமையிலேயே ஓவியர்களுக்கு மாதிரியாக நின்று பிழைத்தார். ரெனுவார் 1883 இல் தீட்டிய 'பூஜிவாலில் நடனம்' என்ற படத்தில் ஆடும் நங்கை இவரே. குளிக்கையில் கிழவர் இருவர் ஒளிந்து நோக்கிய விவிலியச் சூசன்னாவின் பெயரை, முதிய ஓவியர்முன் நின்ற இவருக்குத் துலூஸ் லோத்ரெக் இட்டார் என்பர். பகடிதான், ஆயினும் உண்மை பொதிந்த பகடி. சுசான் வலடோன் என்றே உலகம் அவரை அறியும்.

பாரிஸ் நுண்கலைக் கல்லூரி பெண்களை ஏற்றதே 1897 இல்தான். இவரோ நின்றபடியே பிறர் கைவண்ணத்தைக் கவனித்துக் கற்றார். அவரது கோடுகளின் வன்மையை முதலில் உணர்ந்தவர்களுள் டேகா ஒருவர். சித்திரங்களை விலைகொடுத்தும் வாங்கினார்.

1909 இல் 'ஆதாமும் ஏவாளும்' பிறந்தது. ஏவாளாகத் தம்மையும், ஆதாமாகத் தம்மிலும் 21 ஆண்டு இளையவரான காதலர் உத்தேரையும் வரைந்தார். பெண்ணொருத்தி ஆணுடலை விருப்போடு நோக்கித் தீட்டினாள் என்பதே அதன் புரட்சி. பின்னாளில் ஆதாமின் இடையில் இலைகள் ஏறின. ஏவாளின் நிர்வாணம் எவரையும் உறுத்தவில்லைப் போலும்!

ஆயினும் என் மதிப்பில் அவரது தலைசிறந்த படைப்பு 1923 இல் எழுந்த 'நீல அறை'. மஞ்சத்தில் சாய்ந்த பெண் என்பது தித்தியன் முதல் மனே வரை ஆண்கள் கையாண்ட சிருங்காரப் பொருள். வலடோனின் பெண்ணும் சாய்ந்துதான் இருக்கிறாள். ஆனால் கோடிட்ட காற்சட்டை அணிந்திருக்கிறாள். வாயில் சிகரெட், காலருகே புத்தகங்கள். பருத்த உடலினள். நம்மைப் பாராது வேறெங்கோ நோக்குகிறாள். நம் பார்வைக்காக அவள் படுத்திருக்கவில்லை, ஓய்வெடுக்கிறாள்.

நிர்வாணத்தை வலடோன் வெறுத்தாரல்லர். 1931 இல், அறுபதைக் கடந்த நிலையில், திறந்த மார்புடன் தம்மையே தீட்டினார். அம்முகத்தில் நாணமுமில்லை, அழைப்புமில்லை.

அவரது கலை 'ஆண்மை மிக்கது' என அக்கால விமர்சகர் சிலர் புகழ்ந்தனர். அவர் 1938 இல் மறைந்தார். அதன் பின்னும் நெடுங்காலம், நூல்கள் பல அவரை ஓவியர் உத்திரியோவின் தாயார் என்றே அறிமுகப்படுத்தின.