உப்புக் காற்றும் கைக்கடிகாரமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலிற் பரந்து கிடக்கும் தீவுகளுள் ஒன்று புங்குடுதீவு. அத்தீவின் ஊர்களுள் ஒன்றாகிய இறுப்பிட்டியில் எங்கு நின்றாலும் கடற்காற்று மேனியிற் படாமல் இராது. சோழகமும் வாடையும் முறைவைத்து வீசும் அவ்வூரிலே யன்னற் கம்பி துருப்பிடிக்கும். துவிச்சக்கரவண்டியின் சங்கிலி இறுகும். றங்குப் பெட்டியின் பூட்டும் நாளடைவிற் திறவாது போகும். இரும்புக்கு இத்துணைப் பகையான காற்றினிடையே, மயிரிழை போன்ற வில்லையும் கடுகளவான திருகாணிகளையும் கொண்ட கைக்கடிகாரமொன்றைப் பல்லாண்டு காலம் பழுதின்றிப் பேணுதல் எளிய செயலன்று. தானாக முறுக்கேறும் கைக்கடிகாரம் உலகில் தோன்றியதற்கும் இத்தகையதொரு இடர்ப்பாடே காரணமாயிற்று என்பது அறிந்து இன்புறத்தக்கது.

பண்டைத் தமிழர் ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை இக்காலத்து 24 நிமிடங்களுக்கு ஒப்பாகும். பாசறையிலே நீர்க்கலத்தைக் கொண்டு பொழுதளந்து மன்னனுக்கு உரைத்த நாழிகைக் கணக்கரைப் பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டு காட்டுகின்றது. தீவகத்து உழவருக்கும் கடற்றொழிலாளருக்கும் ஞாயிற்றின் ஏற்றமும், விண்மீன்களும், கடலின் வற்றுப்பெருக்குமே பொழுது காட்டப் போதுமானவையாயிருந்தன. நிமிடக் கணக்கின் தேவை கந்தோரோடும் புகையிரதத்தோடும் வந்து சேர்ந்தது. கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்த புகையிரதப் பாதை 1905 இல் நிறைவுற்றது. அடுத்த ஆண்டிலே, கிறீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்திய பொதுநேரம் இலங்கை முழுவதற்கும் வகுக்கப்பட்டது.

யாழ்ப்பாணத்தார் பலர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் மலாயா சென்று, புகையிரதப் பகுதியிலும் அரசாங்க எழுதுவினைஞர் சேவையிலும் அமர்ந்தனர். புங்குடுதீவினரோ கொழும்பிலும் தென்னிலங்கையின் பிற நகரங்களிலும் வணிகத்தில் ஈடுபட்டுப் பெயர் பெற்றனர். கடையைத் திறப்பதற்கும் கணக்கை முடிப்பதற்கும் நேரம் பார்க்கும் பழக்கம் இவ்விரு சாராரிடமும் வேரூன்றியது. அவர்கள் விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது மணிக்கூடும் உடன் வந்தது. முதலிற் சட்டைப்பையிற் சங்கிலியோடு கிடந்த அது, முதலாம் உலகப் போருக்குப் பின்னர் மணிக்கட்டுக்கு ஏறியது.

மணிக்கட்டுக்கு ஏறியதும் அதற்குப் புதியதொரு துன்பம் நேர்ந்தது. நாள்தோறும் முறுக்கிவிடுவதற்காகக் கடிகாரத்தின் பக்கத்தில் ஒரு குமிழ் உண்டு. அக்குமிழின் தண்டு உள்ளே செல்லும் துளையே தூசியும் ஈரமும் புகும் வாயிலாகும். பையினுள் இருந்தவரை இத்துளையால் விளைந்த தீங்கு சிறிது. கையில் ஏறி வியர்வையும் மழையும் புழுதியும் பட்டபோது அது பெரிதாயிற்று. போர்க்காலத்திற் பணியாற்றிய ஜோன் ஹார்வூட் என்னும் ஆங்கிலேயக் கடிகாரத் தொழிலாளர் இதனை நன்கு உணர்ந்தார். முறுக்கும் குமிழே இல்லாதபடி கடிகாரத்தை அமைத்தால் அத்துளையும் வேண்டாவன்றோ எனச் சிந்தித்த அவர், கையின் அசைவினாலேயே முறுக்கேறும் கைக்கடிகாரத்தை ஆக்கி, 1924 இல் சுவிற்சர்லாந்திற் காப்புரிமை பெற்றார். அதன் முட்களைத் திருப்புவதற்குக் கண்ணாடியைச் சூழ்ந்த வளையத்தைச் சுழற்றினாற் போதும்.

அசைவினால் முறுக்கேற்றும் எண்ணம் அவருக்கு முன்னரே இருந்ததுதான். சுவிற்சர்லாந்தின் லே லொக்ல் என்னும் ஊரினரான ஆபிரகாம் லூயி பெரெலே 1770களில் அத்தகைய பைக்கடிகாரத்தைச் செய்தார். கால் மணி நேரம் நடந்தால் அது எட்டு நாள் ஓடும் என 1777 இல் ஜெனீவாக் கலைக்கழகத்தின் அறிக்கை குறித்தது. ஆயினும் சட்டைப்பையிற் கிடக்கும் பொருளுக்கு அசைவு குறைவு. ஆதலின் அவ்வகை பெருவழக்குப் பெறவில்லை. ஓயாது அசையும் மணிக்கட்டே அதற்கு ஏற்ற இடமாயிற்று. ஹார்வூட்டின் நிறுவனம் 1931 இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் றோலெக்ஸ் நிறுவனம் முழுவட்டமாகச் சுழலும் எடைத்தகட்டை அமைத்து, 1926 இல் தான் வெளியிட்ட நீர்புகாக் கூட்டினுள் அதனைப் பொருத்தியது. பிற்காலத்தில் யப்பானிய நிறுவனங்களும் இத்துறையில் இறங்கின. 1963 இல் வெளிவந்த ‘சீக்கோ 5’ நடுத்தரக் குடும்பத்தினரும் வாங்கத்தக்க விலையில் உலகெங்கும் பரவியது.

இதன் அமைப்பு விளங்குதற்கு அரியதன்று. பின்மூடியின் கீழே அரைவட்டமான எடைத்தகடு ஒன்று அச்சிற் சுழலும்படி பொருத்தப்பட்டுள்ளது. கை அசையுந்தோறும் அது சுழன்று, பற்சக்கரங்களின் வாயிலாக முதன்மைச் சுருள்வில்லை இறுக்குகின்றது. வில் முற்றும் இறுகியபின் அதன் வெளிமுனை உறையின் சுவரிலே வழுக்கிச் செல்லும். ஆகையால் அளவுக்கு மீறி முறுக்கேறி வில் அறுந்துபோகும் என்னும் அச்சம் வேண்டியதில்லை. கழற்றி வைத்த கடிகாரம் பொதுவாக நாற்பது மணி நேரமளவில் ஓடி ஓயும். அது நோயன்று, உண்ணாதவன் உறங்குவது போன்றதொரு நிலை.

இலங்கையில் 1970 முதல் 1977 வரை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. புதிய கடிகாரம் கிடைத்தற்கு அரிதான அக்காலத்தில், உள்ளதைப் பேணுதலே அறிவுடைமையாயிற்று. அன்று கைக்கொள்ளப்பட்ட முறைகள் இன்றும் பயனுடையவையே. கடிகாரத்தைக் கழற்றியதும் உலர்ந்த மென்துணியால் வியர்வையைத் துடைத்தல் வேண்டும். பின்மூடிக்கும் தோற்பட்டிக்கும் இடையே தங்கும் உப்பே உலோகத்தை முதலில் அரிப்பது. நீர்புகாமைக்குக் காவலாயுள்ள இறப்பர் வளையம் காலஞ்செல்ல இறுகி வெடிக்கும். ஆதலாற் பழைய கடிகாரத்தின் முகப்பில் நீர்புகாதது என எழுதப்பட்டிருத்தலை நம்பிக் கடலிலோ கிணற்றடியிலோ குளித்தல் தகாது. கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படர்ந்தால் அன்றே திருத்துபவரிடம் கொடுத்தல் நன்று. ஒரு கிழமை தாமதித்தால் துரு முந்திவிடும்.

சேமித்து வைப்பதற்கும் முறையுண்டு. கடல் நோக்கிய யன்னலருகிலுள்ள லாச்சி ஏற்றதன்று. வீட்டின் நடுவறையில் உள்ள அலுமாரியே நல்லது. ஈரமுறிஞ்சும் சிலிக்காக் குறுமணிப் பொதியொன்றுடன் இறுக மூடும் பெட்டியில் வைக்கலாம். அரிசிப் பானையினுள் வைப்போரும் உளர். அரிசியின் தவிடும் தூசியும் குமிழின் துளைவழி புகுமாதலால் அது பொருந்தாது. ஒலிபெருக்கியின் காந்தம் மயிரிழை வில்லின் சுற்றுகளை ஒன்றோடொன்று ஒட்டச் செய்து கடிகாரத்தை விரைந்து ஓடச் செய்யும். ஆகையால் வானொலிப் பெட்டியின்மேல் அதனை வைத்தலாகாது. வானொலியின் நேரவொலியைக் கேட்டு முள்ளைத் திருத்தியபின் அப்பால் எடுத்து வைப்பதே முறை. தேதி காட்டும் கடிகாரமாயின் இரவு ஒன்பது மணிக்கும் விடியற்காலை மூன்று மணிக்கும் இடையிற் தேதியை விரைவாக மாற்ற முயலாமை நன்று. அவ்வேளையிற் தேதிச் சக்கரத்தின் பற்கள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும்.

சேமிப்பில் உள்ள கடிகாரத்தை ஓயாது ஓட்டுதல் வேண்டுமா என்னும் வினா எழுவது இயல்பு. அது வேண்டுவதில்லை. ஓடினாலும் ஓய்ந்தாலும் எண்ணெய் முதுமையடைந்தே தீரும். மாதத்துக்கொருமுறை ஒரு நாள் அணிவதும், ஐந்தாண்டளவிற்கு ஒருமுறை கழற்றித் துலக்கிப் புதிய எண்ணெய் இடுவிப்பதும் போதுமானவை.

இவ்வறிவு தீவகத்தாருக்கு வெறும் சிக்கனத்தின் பொருட்டன்றி வேறொரு காரணத்தாலும் இன்றியமையாததாயிற்று. 1990, 1991 ஆம் ஆண்டுகளிற் போரின் காரணமாகப் புங்குடுதீவு உள்ளிட்ட தீவுகளின் மக்கள் பெருந்தொகையினராய் இடம்பெயர்ந்தனர். குடாநாட்டுக்கும், வன்னிக்கும், கொழும்புக்கும், அங்கிருந்து கனடா, பிரித்தானியா, பிரான்சு, சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளுக்கும் அவர்கள் சிதறினர். வீட்டையும் காணியையும் எவரும் சுமந்து செல்லல் இயலாது. மணிக்கட்டில் இருந்தது மட்டும் உடன் சென்றது. தந்தையின் கைக்கடிகாரம் இவ்வாறு பல குடும்பங்களில் ஊரின் எஞ்சிய பொருளாயிற்று. அலுமாரியில் மறந்து விடப்பட்டவையோ அங்கேயே ஓடி ஓய்ந்தன.

நீண்டகாலம் ஓய்ந்து கிடந்த அத்தகைய கடிகாரத்தைக் கண்டெடுத்தவர் அன்பின் மிகுதியால் அதனைக் குலுக்கிப் பார்ப்பர். அதுவே பெரும் பிழை. எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். துருத்துகள் உதிர்ந்து கிடக்கும். குலுக்கினால் எடைத்தகடு சுழன்று, காய்ந்த அச்சுகளை ஒன்றோடொன்று தேய்க்கும். சில நிமிடம் ஓடிக் காட்டும் மகிழ்ச்சிக்காகப் பல்லாண்டுத் தேய்வு நேர்ந்துவிடும். முள்ளைத் திருப்பாமலும் குமிழை இழுக்காமலும் அப்படியே திருத்துபவரிடம் சேர்ப்பித்தலே செய்யத்தக்கது. 1960களுக்கு முற்பட்ட கடிகாரமாயின் இன்னுமொரு விழிப்பு வேண்டும். இரவில் ஒளிரும் அதன் எழுத்துகளில் றேடியம் பூசப்பட்டிருத்தல் கூடும். ஒளி மங்கினாலும் றேடியம் அழியாது. அது பாதியாகக் குறைவதற்கே ஏறக்குறைய 1600 ஆண்டுகள் செல்லும். அப்பூச்சின் துகள் மூச்சுவழி உட்செல்லுதல் தீங்கானது. ஆதலின் மூடியைத் தாமே திறந்து முகப்பைச் சுரண்டுதல் ஒருபோதும் கூடாது.

பழையதைப் புதியதாக்க விரும்பி முகப்பை மீண்டும் பூசுவித்தும் கூட்டை மெருகேற்றியும் விடுவோர் பலர். அதனால் ஓட்டம் திருந்துவதில்லை; அணிந்தவரின் கைபட்ட தேய்வும் கீறலுமே மறைகின்றன. உள்ளே துலக்குவதும் வெளியே உள்ளவாறு விடுவதும் சிறந்த வழியாகும்.

1969 இல் யப்பானில் வெளிவந்த குவாட்ஸ் கைக்கடிகாரமும், அதன் பின்னர் வந்த கைத்தொலைபேசியும் நேரத்தைப் பிழையின்றிக் காட்டுகின்றன. குறிகட்டுவான் துறையிலே நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்லும் படகுக்குக் காத்து நிற்போர் இன்று தொலைபேசியையே பார்க்கின்றனர். எனினும் மின்கலம் இன்றி, அணிந்தவரின் நடையாலும் உழைப்பாலுமே ஓடும் கடிகாரத்துக்கு உரிய மதிப்பு குறையவில்லை. தந்தையின் கையசைவில் ஓடிய கடிகாரம் முறையாகப் பேணப்படுமாயின், கடல்கடந்த நாட்டில் மகளின் கையசைவிலும், அவருக்குப் பின் பேரரின் கையசைவிலும் ஓடும் என்பதில் ஐயமில்லை.