அலைக்குப் பின் வந்த நாட்கள்
2004 டிசம்பர் 26: நமது மஹல்லாவின் நினைவேட்டிலிருந்து

ஊர் வரலாறு எழுதப் புகுவோர் பள்ளிவாசல் கட்டப்பட்ட ஆண்டை எழுதுவர். கப்பலேறிப் போன முன்னோரை எழுதுவர். பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வந்த பணத்தில் எழுந்த மாடிவீடுகளை எழுதுவர். சுனாமியைப் பற்றி எழுதுவோரும் அலையின் உயரத்தையும் இறந்தோரின் எண்ணிக்கையையும் எழுதி முடித்துக்கொள்வர். அலை வடிந்த மறுநாள் எந்த வீட்டில் உலை வைத்தார்கள், யார் யாரைத் தேடி எங்கே நின்றார்கள், பைத்துல்மால் பெட்டியைத் திறப்பதற்கு முன் நாம் எதைப் பற்றி வாதிட்டோம் என்பனவெல்லாம் எழுத்தில் இல்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டன. அன்று நம்மை வழிநடத்திய பெரியவர்களில் பலர் மவுத்தாகிவிட்டனர். மண்வெட்டி பிடித்த இளைஞர்களுக்கோ தலை நரைத்துவிட்டது. எஞ்சியிருப்போரின் நினைவில் உள்ளதை இவ்வாண்டு மலரிலாவது பதிவு செய்ய வேண்டும் என்று நிர்வாகக் குழு கேட்டுக்கொண்டதன் பேரில் இதனை எழுதுகிறோம்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி நாள். இந்திய நேரப்படி காலை ஆறரை மணிக்குச் சற்று முன்னதாகச் சுமத்ரா தீவின் அருகே கடலடியில் பூமி பிளந்தது. அந்நேரத்தில் பள்ளிவாசல் ஹவுழில் தண்ணீர் தளும்பியதாகப் பின்னாளில் சொன்னவர்கள் உண்டு. அன்று காலை அதை எவரும் சொல்லவில்லை. ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழித்து அலை நம் கரையை அடைந்தது. அந்த இரண்டரை மணி நேரமும் நாம் பசியாறிக்கொண்டும், வானொலி கேட்டுக்கொண்டும், ஞாயிற்றுக்கிழமைக்கு உரிய சோம்பலோடும் இருந்தோம். எச்சரிக்க ஓர் ஏற்பாடும் அன்று இந்தியப் பெருங்கடலில் இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது 2007ஆம் ஆண்டில்தான்.

அதைக் குறிக்க ஒரு சொல்கூட நம்மிடம் இல்லை. குப்பத்திலிருந்து ஓடி வந்தவர்கள் "கடல் உள்ளே வந்துடுச்சு" என்றே கத்தினார்கள். ஜப்பானியச் சொல்லான 'சுனாமி' மறுநாள் செய்தித்தாளில்தான் நமக்கு அறிமுகமாயிற்று. கடல்கோள் என்னும் பழந்தமிழ்ச் சொல் புலவர்களின் நூல்களில் இருந்தது. கரையில் வாழ்வோர் நாவில் இல்லை. ஒரு வாரத்திற்குள் பள்ளிக்கூடம் போகாத கிழவியும் 'சுனாமி' என்று சொல்லப் பழகிவிட்டாள்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் இறந்தனர். அவர்களில் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் நமது நாகை மாவட்டத்தினர், அல்லது நம் மாவட்டத்திற்கு வந்திருந்தோர். கிறிஸ்துமஸ் முடிந்து வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற வெளியூர் யாத்திரிகர்கள் அதில் அடக்கம். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் போன்ற மீனவ ஊர்களின் பெயர்கள் அன்றுதான் உலகச் செய்தியாயின. இறந்தோரில் பெண்களும் பிள்ளைகளுமே மிகுதி. நமது மஹல்லா கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளி, மணல்மேட்டின் மறுபுறம் இருந்ததால் பெரும்பாலும் தப்பியது. நமக்குக் கிழக்கே இருந்த குப்பம் தப்பவில்லை. இந்த வேறுபாட்டை நம் தகுதிக்குக் கிடைத்த பரிசாகப் பேசியவர்களும் அன்று இருந்தார்கள். ஹஜ்ரத் அவர்கள் மிம்பரில் நின்று, அது மணல்மேடு, அதற்கு மேல் அதில் எதையும் படிக்காதீர்கள் என்று சொல்லி அந்தப் பேச்சை நிறுத்தினார்கள்.

பரங்கிப்பேட்டையில் அன்று நடக்கவிருந்த திருமணங்களுக்கென ஆக்கிய சோறு அப்படியே பாதிக்கப்பட்டோருக்குப் போனது. அவ்வூர் ஜமாஅத்தார் செய்த பணி நாடறிந்தது. நாகூர் தர்காவில் சமய வேறுபாடின்றி உடல்களை அடக்கம் செய்ய இடம் அளிக்கப்பட்டதும் அவ்வாறே. நம்மூரில் அன்று கல்யாணம் ஏதும் இல்லை. ஆகவே மோதினார் ஒலிபெருக்கியில் வீட்டுக்கு ஒரு படி அரிசி கேட்டார். ளுஹருக்குள் பள்ளிவாசல் திண்ணை நிறைந்துவிட்டது. கல்யாணத் தேக்சாக்கள் வெளியே வந்தன. மதரஸாக் கட்டடத்தைத் திறந்துவிட்டோம். குப்பத்து மக்கள் சுமார் மூன்று வார காலம் அங்கே தங்கினார்கள்.

அன்றிரவு இஷாவுக்குப் பின் கூடிய கூட்டத்தை மறைக்காமல் எழுத வேண்டும். பைத்துல்மாலில் இருந்த தொகை பெரும்பாலும் ஜகாத்தாக வந்தது. அதைச் சகோதர சமயத்தாருக்குச் செலவிடலாமா என்று பொருளாளர் கேட்டார். கேட்டதில் தவறில்லை, கணக்குக்குப் பொறுப்பானவர் கேட்கத்தான் வேண்டும். ஆனால் பேச்சு வளர்ந்தது. நம் சமுதாயத்திலேயே வீடிழந்தோர் இருக்கிறார்கள் என்றார் ஒருவர். நாளை நமக்கு ஒரு கஷ்டம் வந்தால் அவர்கள் வருவார்களா என்றார் இன்னொருவர். தண்ணீரிலிருந்து நம் பிள்ளைகள் இருவரைத் தூக்கிக் கொடுத்தவரே குப்பத்துக்காரர்தான் என்று அதற்குப் பதில் வந்தது. ஹஜ்ரத் அவர்கள் நீண்ட நேரம் பேசவில்லை. ஜகாத்துக்கு உரியோர் யார் என்பது வரையறுக்கப்பட்டது, அதில் கை வைக்காதீர்கள். ஸதகா எந்த மனிதருக்கும் கொடுக்கலாம், அதற்குத் தனிப் பெட்டி வையுங்கள் என்றார்கள். தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்து, முதல் தொகையைத் தாமே போட்டார்கள். அந்தத் துண்டில் அன்றிரவு சேர்ந்தது ஜகாத்துக் கணக்கில் இருந்ததைவிட அதிகம். சபுராளிகளின் வீடுகளுக்குத் தொலைபேசி இணைப்பு கிடைக்கத் தொடங்கியதும் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த முதல் கேள்வி, யார் இருக்கிறார்கள் என்பது. இரண்டாவது, பணம் எப்படி அனுப்புவது என்பது.

உதவி வந்தது, உபத்திரவமும் கூடவே வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் பழைய துணிகள் மலையாகக் கொட்டிக் கிடந்ததை நேரில் கண்டோர் மறக்கமாட்டார்கள். கிழிந்த சட்டையும் குளிர்நாட்டுக் கம்பளியும் லாரி லாரியாக வந்து இறங்கின. மீனவர்கள் அதைத் தொடவில்லை. அதற்கு முந்தைய நாள்வரை உழைத்துச் சம்பாதித்து, மகளுக்குப் பட்டெடுத்தவர்கள் அவர்கள் என்பதை அனுப்பியோர் அறியவில்லை. நாமும் ஒரு மூட்டை கட்டினோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம். சோற்றுப் பொட்டலமும் அப்படியே. நான்காம் நாள் ஒரு பெரியம்மா நம் சமையற்காரரிடம் வந்து, "பாய், நெய்ச்சோறு நல்லாத்தான் இருக்கு, அடுப்பையும் அரிசியையும் குடுத்துட்டா நாங்களே ஆக்கிக்குவோம்" என்றார். அன்று மாலையே பாத்திரங்களும் மண்ணெண்ணெய் அடுப்புகளும் வாங்கிக் கொடுத்தோம். மதரஸா முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு அடுப்புகள் தனித்தனியே எரியத் தொடங்கிய பிறகுதான் அங்கே பேச்சுச் சத்தம் கேட்டது. அதுவரை அழுகையும் மௌனமும் மட்டுமே இருந்தன.

மீன் மட்டும் அந்த அடுப்புகளில் ஏறவில்லை. கடலில் உடல்கள் கிடக்கின்றன, மீன்கள் அவற்றைத் தின்றிருக்கும் என்ற பேச்சு கடற்கரை முழுதும் பரவியிருந்தது. தொழிலுக்குப் போனவர் கொண்டுவந்த மீனையும் வாங்க ஆளில்லை. கூடை சுமந்து நம் தெருக்களில் விற்று வந்த பெண்களுக்கு இதுவே இரண்டாவது அடியாயிற்று. இழப்பீட்டுப் பட்டியலில் படகுக்கும் வலைக்கும் கட்டம் இருந்தது, கூடைக்கு இல்லை. தலைச்சுமையாக மீன் விற்ற விதவை எந்தப் பட்டியலிலும் வராமல் போனதை நாம் காலம் தாழ்த்தியே கவனித்தோம். பின்னாளில் தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டு ஃபைபர் படகுகள் வழங்கியபோது, முன்பு கூலிக்குப் போனவரும் படகு முதலாளியாகி, ஏறிப்போக ஆள் கிடைக்காத நிலையும் வந்தது.

டிசம்பர் 30ஆம் நாள் வியாழக்கிழமை, மீண்டும் அலை வரும் என்று டெல்லியிலிருந்து எச்சரிக்கை வந்தது. கடற்கரை முழுதும் மக்கள் மேற்கு நோக்கி ஓடினார்கள். அலை வரவில்லை. பிணம் அடக்கிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடியதும், அரை மணி நேரத்தில் வெட்கத்தோடு திரும்பி வந்ததும் அன்றுதான். 2005 மார்ச் 28 இரவு சுமத்ரா பக்கம் நியாஸ் தீவருகே மீண்டும் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தபோது, இம்முறை நம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியே முதலில் கூவியது.

அந்த இரவோடு இணைந்த ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒருவர் அந்த ஞாயிறு காலை மீன் ஏலம் எடுக்கக் கரைக்குப் போனவர், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவர் மனைவி இத்தா இருப்பதா, காத்திருப்பதா? அலை அவரை இழுத்துப் போனதைக் கண்ணால் கண்ட இருவரின் சாட்சியத்தைக் கேட்ட பின்னரே உலமாக்கள் மரணத்தை உறுதி செய்தனர். அந்தச் சகோதரி இத்தாவில் அமர்ந்தார். ஆனால் இரவில் கதவுக்குத் தாழ் போடவில்லை. தட்டினால் உடனே திறக்க வேண்டுமே என்றாராம். மார்ச் 28 இரவு ஊரே ஓடியபோது, இத்தாவில் இருப்பவள் வெளியே வரலாமா என்று வாசலில் நின்று கேட்டவரை, ஹஜ்ரத்தின் துணைவியார் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேற்குத் தெருவுக்கு ஓடினார். உயிர் காப்பதற்குச் சட்டம் குறுக்கே நிற்காது என்பதை நாம் கிதாபில் படித்திருக்கிறோம். அன்று அது நடுத்தெருவில் ஓடக் கண்டோம்.

அவ்வாண்டு பொங்கலும் ஹஜ்ஜுப் பெருநாளும் ஒரு வார இடைவெளியில் வந்தன. குப்பத்தில் பொங்கல் இல்லை. ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர்கள் வீடு வீடாகப் பயணம் சொல்லி மன்னிப்புக் கேட்பது நம் வழக்கம். அம்முறை அவர்கள் மதரஸாவிலும் போய்ப் பயணம் சொன்னார்கள். பெருநாள் இறைச்சியில் ஒரு பங்கு அங்கும் போனது. பிறகு வந்த கோடையில் தார் அட்டைத் தற்காலிகக் குடியிருப்புகளில் அம்மக்கள் வெந்ததும், அவ்வாண்டின் வடகிழக்குப் பருவமழையில் அதே குடியிருப்புகளுக்குள் தண்ணீர் நின்றதும், நிரந்தர வீடுகள் வரச் சில ஆண்டுகள் ஆனதும் தனியே எழுதத்தக்கவை. அவ்வீடுகளின் பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும் தரப்பட்டது ஒரு நல்ல காரியம்.

இனி, சொல்லத் தயங்கிய பகுதிக்கு வருகிறோம்.

முதல் நாள் மாலைக்குள் நம் பக்கம் ஒதுங்கிய உடல்கள் பதினொன்று. யார் எவர் என்று சொல்ல ஆளில்லை. சொல்லக்கூடியவர்களும் இறந்திருந்தார்கள் அல்லது மருத்துவமனையில் கிடந்தார்கள். மையவாடியை ஒட்டிய தன் சொந்தத் தோப்பை ஒருவர் கொடுத்தார். பெயர் வெளிவரக் கூடாது என்பது அவரது நிபந்தனை. இருட்டுவதற்குள் அடக்கிவிட வேண்டும் என்ற அவசரம், நோய் பரவிவிடும் என்ற பயம். இளைஞர்கள் குளிப்பாட்ட முடிந்தவரைக் குளிப்பாட்டி, வீடுகளிலிருந்து வந்த வெள்ளைத் துணியைப் போர்த்தி, பதினொரு குழிகள் தோண்டி மரியாதையாகவே அடக்கினார்கள். அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் எவரும் எதையும் எழுதி வைக்கவில்லை. உடுத்திருந்த துணியின் நிறம், கையிலிருந்த வளையல், பச்சை குத்தியிருந்த பெயர் எதையும் நாம் குறிக்கவில்லை. மறுநாள் காலை ஓர் ஆசிரியர் நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து வந்து, ஒவ்வோர் உடலுக்கும் எண்ணிட்டு அடையாளங்களை எழுதத் தொடங்கினார். அந்த நோட்டினால் பின்னர் பல குடும்பங்கள் தங்கள் மக்களைக் கண்டுகொண்டன. அரசு வழங்கிய உதவித் தொகைக்கும் அது சான்றாயிற்று.

பத்து நாள் கழித்து மருத்துவமனையிலிருந்து வந்த ஒரு தாய் கேட்டார்: "பாய், எம் புள்ளய எங்க வச்சீங்க? மஞ்சப் பாவாட போட்டிருந்துச்சு." நோட்டில் மஞ்சள் பாவாடை இல்லை. முதல் நாள் அடக்கிய இளைஞர்களில் ஒருவர் மஞ்சள் என்றார்; இன்னொருவர் பச்சை என்றார்; மூன்றாமவர் எதுவும் சொல்லாமல் அழுதார். எந்தக் குழி என்று ஒருவராலும் காட்ட முடியவில்லை. குழிகளைத் திறக்க அந்தத் தாயே மறுத்துவிட்டார்.

அவர் ஒவ்வோராண்டும் டிசம்பர் 26 காலையில் வருகிறார். பூவைப் பதினொரு பங்காகப் பிரித்து, பதினொரு மேட்டிலும் வைத்துவிட்டுப் போகிறார். தோப்பின் வாசல் அன்று பூட்டப்படுவதில்லை. ஆரம்ப ஆண்டுகளில் நம்மவர் எவரும் அருகே போகத் துணியவில்லை. பிறகு மோதினாரின் வீட்டிலிருந்து தேநீர் போகத் தொடங்கியது. 2024ஆம் ஆண்டு, இருபதாம் நினைவு நாளன்று, அந்த மூன்று பேரில் எஞ்சியிருந்த இருவரும் அவரோடு சென்று மேடுகளைச் சுற்றிப் புல்லைச் செதுக்கிக் கொடுத்தார்கள். அவர் எதுவும் கேட்கவில்லை. அவர்களும் எதுவும் சொல்லவில்லை.

நோட்டு ஜமாஅத் அலுவலக பீரோவில் உள்ளது. அதன் முதல் பக்கம் டிசம்பர் 27 என்று தொடங்குகிறது. முதல் நாள் மாலை தோப்பில் இருந்தவர்கள், அல்லது துணி கொடுத்த, தண்ணீர் மொண்டு கொடுத்த தாய்மார்கள், எவ்வளவு சிறிய அடையாளம் நினைவிலிருந்தாலும், எந்த ஓரத்துக் குழி என்பது அரைகுறையாகத் தெரிந்தாலும், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் செயலாளரிடம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். வெளிநாட்டில் இருப்போர் தொலைபேசியில் சொன்னாலும் போதும்.