ரேவா மின்கார்

ரேவா, பெங்களூரில் தயாராகி 2001இல் விற்பனைக்கு வந்த சிறிய மின்கார். முன்னால் பெரியவர்கள் இருவர் உட்காரலாம். பின்னிருக்கை குழந்தைகளுக்குத்தான் போதும். நடைமுறையில் இது இருவர் செல்லும் நகரக் கார். பெங்களூரின் மைனி குழுமமும் அமெரிக்காவின் அமெரிகான் நிறுவனமும் 1994இல் தொடங்கிய கூட்டு நிறுவனம் இதைத் தயாரித்தது; முயற்சிக்குத் தலைமை ஏற்றவர் சேத்தன் மைனி.

நீளம் சுமார் 2.6 மீட்டர், அகலம் 1.3 மீட்டர். மாருதி 800 காரே 3.3 மீட்டர் நீளம் என்பதால், இது எவ்வளவு சிறியது என்று புரியும். எஃகுக் குழாய்ச் சட்டகத்தின் மேல் பிளாஸ்டிக் தகடுகளைப் பொருத்தியிருந்தார்கள். கிளட்ச் இல்லை, கியர் மாற்றும் வேலையும் இல்லை. பிரேக் போடும்போது கிடைக்கும் ஆற்றலில் ஒரு பகுதி பேட்டரிக்கே திரும்பும். தலா 6 வோல்ட் கொண்ட எட்டு ஈய-அமிலப் பேட்டரிகள் இருக்கைகளுக்கு அடியில் இருந்தன. வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பிளக்கில் செருகினால் எட்டு மணி நேரத்தில் முழுதாகச் சார்ஜ் ஏறும். அதைக் கொண்டு 80 கி.மீ. வரை ஓடும் என்றது நிறுவனம்.

இந்தக் கணக்கைப் புதுச்சேரியின் கொம்யூன் (உள்ளாட்சிப் பகுதி) ஊர்களுக்குப் பொருத்திப் பார்ப்பது பயனுள்ளது. புதுச்சேரி நகரிலிருந்து வில்லியனூர் சுமார் 10 கி.மீ., பாகூர் சுமார் 20 கி.மீ. பாகூரிலிருந்து வேலைக்குப் போய்த் திரும்பினாலும் 40 கி.மீ.தான், இரவில் வீட்டு வாசலிலேயே சார்ஜ் போடலாம். வில்லியனூரின் திருக்காமீஸ்வரர் கோயிலைச் சுற்றிய நெரிசலான தெருக்களில், 3.5 மீட்டர் ஆரத்துக்குள் திரும்பிவிடும் கார் பெரிய வசதி. ஆனால் பாகூர் நெல் விளையும் ஊர். மூட்டை ஏற்றவோ, நான்கு பேர் கொண்ட குடும்பம் சேர்ந்து போகவோ இது உதவாது. அதற்கு வேறு வண்டி வேண்டும்.

இன்னும் பெரிய குறை பேட்டரிதான். ஈய-அமிலப் பேட்டரி கனமானது. நம் ஊர் வெயிலில் அதன் ஆயுளும் குறையும். அதை மாற்றும் செலவு, மின்சாரத்தில் மிச்சமாகும் பணத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். 2009இல் வந்த லித்தியம்-அயன் மாடல் 120 கி.மீ. வரை ஓடியது. இந்தத் துணிவான வண்டிக்கு முதலிலேயே அந்தப் பேட்டரி கிடைத்திருந்தால் கதை வேறாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

லண்டனில் ஜி-விஸ் என்ற பெயரில் விற்ற ரேவாவுக்கு, நகர மையத்தில் ஓடும் வண்டிகளுக்கான நெரிசல் கட்டணம் அப்போது இல்லை. அதனால் அங்கே வரவேற்பு கிடைத்தது. பிரிட்டன் இதைக் காராக வகைப்படுத்தாமல் குவாட்ரிசைக்கிள் என்ற இலகு வாகனமாகப் பதிந்ததால், கார்களுக்குரிய மோதல் சோதனை கட்டாயமாகவில்லை. 2007இல் அங்கே நடந்த சோதனைகள் பயணிகளின் பாதுகாப்பு குறித்துக் கடுமையான கேள்விகளை எழுப்பின. சிறிய காரை விரும்புவோர் இந்தக் கேள்விகளை ஒதுக்கிவிடக் கூடாது. 2010இல் மகிந்திரா நிறுவனம் ரேவா நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. 2013இல் அது கொண்டுவந்த இ2ஓ, நான்கு பேர் உட்காரும் கார்.