தான்றி மரமும் ஐம்பத்துமூன்றாம் இலக்கமும்

நளன் கதையை நம்மில் அறியாதார் இலர். புட்கரனோடு கவறாடிப் பொன்னை இழந்தான், தேரை இழந்தான், ஈற்றில் நாட்டையும் இழந்தான். அமைச்சரும் தமயந்தியும் தடுத்தும் அவன் எழுந்தானில்லை. மாதக்கணக்கில் ஆடினான் என்கிறது மகாபாரதம். எல்லாம் கலியின் வேலை என்று சிறுவயதிற் கேட்டு நாம் அமைதி அடைந்துவிடுகிறோம். ஆயின் அக்கலி அவனை விட்டு நீங்கிய இடத்தைப் பலர் ஊன்றிக் கவனிப்பதில்லை.

இருதுபன்னன் தேரிற் செல்லும்போது வழியிலே ஒரு தான்றி மரத்தைக் கண்டு, அதன் கிளைகளில் இலை இத்தனை, காய் இத்தனை என்று கணக்குச் சொல்கிறான். நளன் தேரை நிறுத்தி, இறங்கி, எண்ணிப் பார்க்கிறான். கணக்குச் சரியாகவே இருக்கிறது. தான் அறிந்த குதிரை வித்தைக்கு ஈடாகக் கவற்றின் மறைபொருளை அரசனிடம் கேட்டுப் பெறுகிறான். பெற்றவுடன் கலி அவன் உடலை விட்டு வெளியேறித் தான்றி மரத்திலே புகுந்துகொள்கிறான்.

ஏன் தான்றி மரம்? பழங்காலத்தில் தான்றிக்காயே கவறாக இருந்தது. காய்களை அள்ளியிட்டு நான்கு நான்காக எண்ணுவர்; மிச்சமின்றிப் பிரிந்தால் அது கிருதம், ஒன்று எஞ்சினால் அது கலி என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கொள்கை. எனவே நளன் ஆடியதும் ஓர் இலக்கச் சூதே. அவனைப் பிடித்ததும் இலக்கம். விடுவித்ததும் எண்ணும் அறிவு. சூது தீதென்று வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்துவிட்டார். அதை நான் மீண்டுஞ் சொல்ல வேண்டுவதில்லை. நளனைப் போன்ற அறிவுடையார் ஏன் எழாமல் இருந்தனர் என்பதே என் கேள்வி. அதற்கு விடைதேட, ஐரோப்பியரின் இலக்கச் சூது ஒன்றின் சரித்திரத்தைப் பார்ப்போம்.

இத்தாலியிலே ஜெனோவாக் குடியரசில், 16ஆம் நூற்றாண்டில், ஆட்சிமன்றத்துக்கு ஐவரைத் திருவுளச் சீட்டாலே தெரிவு செய்யும் வழக்கம் இருந்தது. எவர் பெயர் வரும் என்று ஊரார் பந்தயம் கட்டினர். நாளடைவில் பெயர்கள் மறைந்து 1 முதல் 90 வரை இலக்கங்களே எஞ்சின. அவற்றுள் ஐந்தை எடுப்பதே லொத்தோ என்னும் ஆட்டமாயிற்று. அரசியல் எப்படியெல்லாம் சூதாகிறது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ!

இந்த ஆட்டம் பிரான்சுக்கும் பரவியது. அதைக் கூர்ந்து நோக்கியவர் கணித மேதை லப்பிளாஸ். நிகழ்தகவு பற்றி 1814ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலிலே, நெடுநாள் வராத இலக்கத்தின் மீது மக்கள் பணத்தைக் குவிப்பதைக் கண்டு எழுதினார். ஆண்குழந்தை வேண்டி நின்ற தந்தையர், தம் அயலில் ஆண்பிள்ளைகள் பிறந்த செய்தி கேட்டுக் கலங்கியதையும் குறித்தார். இருக்கும் ஆண்பிள்ளைகளை அயலார் எடுத்து முடித்துவிட்டால் தமக்கு என்ன மிஞ்சும் என்ற பயம்! நகைப்புக்கிடமாகவே தோன்றும். ஆயினும் அவர் எழுதி 190 ஆண்டுகள் கழிந்த பின்னும் வெனிஸ் நகரில் நடந்தது என்ன?

இத்தாலிய லொத்தோவில் அந்நாளிற் பத்து நகரங்களின் பெயரால் பத்துச் சக்கரங்கள் இருந்தன. கிழமைக்கு இருமுறை சீட்டெடுப்பு. வெனிஸ் சக்கரத்தில் 53ஆம் இலக்கம் 2003 மே மாதத்தில் ஒருமுறை வந்தது. பின்னர் வரவேயில்லை. ஒரு வருடம் சென்றது. பத்திரிகைகள் அதைத் ‘தாமதித்த இலக்கம்’ என்று எழுதின. இனி வந்தே தீரும் என்று மக்கள் சேமிப்பை எடுத்தனர், கடன் வாங்கினர். ஏறத்தாழ 350 கோடி யூரோ அந்த ஓரிலக்கத்தின் மீது விழுந்தது. குடும்பங்கள் நொடித்தன; உயிர்களும் மாய்ந்தன. 182 சீட்டெடுப்புகளுக்குப் பின், 2005 பெப்ரவரி 9ஆம் நாள், 53 வந்தது.

கணக்கைப் பார்ப்போம். 90இல் 5 எடுத்தால் ஓரிலக்கம் வருவதற்கு வாய்ப்பு 18இல் ஒன்று. முதல்நாளும் அதுவே, 182ஆம் நாளும் அதுவே. பந்துக்கு நேற்றைய நினைவு கிடையாது. 53 இத்தனை காலம் வராதிருப்பது 33,000இல் ஒரு வாய்ப்பு என்பது மெய்தான். ஆனால் பத்துச் சக்கரங்களிலும் சேர்த்து 900 இலக்கங்கள் ஆண்டுக்கணக்காய் ஓடுகையில், எங்கோ ஒன்று இப்படித் தாமதிப்பதில் வியப்பில்லை. வென்றவனுக்குக் கிடைப்பதோ கட்டிய பணத்தின் 18 மடங்கன்று. சுமார் 11 மடங்கே. தோற்றதை மீட்க ஒரு யூரோவில் தொடங்கி ஒவ்வொரு முறையும் இரட்டித்துக் கட்டுபவன், 21ஆம் முறையில் 10,48,576 யூரோ கட்ட வேண்டும். இருபத்தொரு முறைக்குப் பத்துக் கிழமை போதும். 53 மறைந்திருந்ததோ தொண்ணூறு கிழமைக்கு மேல்.

இந்தக் கணக்கு கடினமானதன்று. பள்ளி மாணவனும் போடுவான். ஆனால் தோற்றவன் மனம் இலக்கத்தைக் கடன்காரனாகப் பார்க்கிறது. ‘இவ்வளவு கொடுத்தேன், அது எனக்குத் தரவேண்டும்’ என்கிறது. கானிமன், ட்வெர்ஸ்கி என்னும் உளநூலறிஞர் இருவர் 1979ஆம் ஆண்டில், பெற்ற இன்பத்திலும் இழந்த துன்பமே மனத்திற் பெரிதாக நிற்கிறது என்றும், இழந்தவன் ஈடுசெய்யும் வேட்கையில் முன் துணியாததற்கும் துணிவான் என்றும் காட்டினர். நளன் எழாதது இதனாற்போலும்.

இதை நூலில் மட்டும் நான் கற்கவில்லை. என் பெரியப்பா ஒருவர் ஓய்வு பெற்றபின் ஒவ்வொரு கிழமையும் சந்திக்குப் போய், 47இல் முடியும் லொத்தர்ச் சீட்டையே தேடி வாங்குவார். வந்த இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதி வைப்பார். மிஷன் பள்ளியிற் படித்த மிடுக்கோடு ஒருநாள் அவருக்கு இந்தக் கணக்கையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். தாமும் கணக்கு எழுதி வாழ்ந்தவரே.

“நீ சொல்லுறது சரி, தம்பி. ஆனால் நான் விட்டிட்ட கிழமை அது விழுந்திட்டால்?” என்றார்.

அவரைப் பிடித்தது ஆசையன்று, பயம் என்று அன்றுதான் அறிந்தேன். ஒல்லாந்திலே வீட்டு முகவரிக் குறியீட்டை இலக்கமாகக் கொண்ட லொத்தர் ஒன்றுண்டு. சீட்டு வாங்காதவனுக்கும் தன் குறியீடு வென்றது தெரிந்துவிடும். அயலார் பரிசு பெற அவன் பார்த்திருக்க வேண்டும். அந்த மனவருத்தத்தை எண்ணியே பலர் அதனை வாங்குகின்றனர் என்று 2004ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று கூறுகிறது. பெரியப்பாவும் அப்படியே; இருபது வருடம் 47ஐக் காத்தவர், அதனை ஒரு கிழமையேனும் விட்டுப்பிரிய அஞ்சினார்.

அதன்பின் நான் அவரோடு வாதாடவில்லை. அவர் கொப்பியை வாங்கி, இருபது வருடத்தில் 47 எத்தனைமுறை வந்தது, சீட்டுக்குச் சென்ற பணம் எவ்வளவு என்று இருவருமாக எண்ணத் தொடங்கினோம். இரண்டு மாலைப்பொழுது சென்றது. மொத்தத்தைத் தம் கையாலேயே எழுதிக் கீழே கோடிட்டார். அடுத்த கிழமை சந்திக்குப் போனாரா என்று நான் கேட்கவில்லை.