கணித மேதை இராமானுஜன் உத்தியோகம் தேடிய வரலாறு

உத்தியோகம் தேடும் நம் இளைஞர்கள், சிபாரிசு செய்வாரில்லையே என்று மனஞ்சோர்ந்து கூறுவதை அடிக்கடி கேட்கின்றோம். அச்சிபாரிசு எவ்வாறு வந்து வாய்க்கின்றதென்பதை ஸ்ரீநிவாச இராமானுஜன் வரலாற்றிற் காணலாம்.

கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்து, பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் படித்தும் எப். ஏ. பரீட்சையில் தேறாதொழிந்த அவருக்கு, 1909-ல் விவாகம் நடந்தேறியது. குடும்ப பாரம் வந்தது. கையிலிருந்தனவோ கணக்குகள் நிறைந்த நோட்டுப் புத்தகங்களே. 1910-ல் அவற்றுடன் திருக்கோவிலூர் சென்று, ஆங்கு டிப்டி கலெக்டராயிருந்த வி. இராமசாமி ஐயரிடம் குமாஸ்தா வேலை வேண்டினார். 1907-ல் இந்தியக் கணித சங்கத்தை நிறுவியவர் அவ்வையர். நோட்டைப் புரட்டிப் பார்த்த அவர், இத்தகைய அறிவை ரெவினியூ இலாகாவின் அடிப்படியிற் கொண்டு புதைத்தல் தகாதெனக் கருதி, வேலை தர மறுத்துவிட்டார்! வறுமையோடு வந்தவருக்கு அம்மறுப்பு எங்ஙனம் இருந்ததோ! ஆயினும் வெறுங்கையோடு அனுப்பினாரல்லர். சென்னையிலிருந்த கணித அன்பர்க்குக் கடிதங் கொடுத்தனுப்பினார்.

அவ்வழியே பேராசிரியர் சேஷு ஐயரும், அவர் மூலம் நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவும் கிடைத்தனர். ராவ் முதலில் ஐயுற்று, பலமுறை கண்டு தெளிந்த பின்னரே மாதந்தோறும் பொருளுதவி செய்தார். பிறர் கைப்பொருளில் நெடுநாள் வாழ இராமானுஜன் மனம் ஒப்பவில்லை. 1912 பிப்ரவரி 9-ல் சென்னைத் துறைமுக டிரஸ்டுக்கு விண்ணப்பம் எழுதினார். அதில் பரீட்சையில் தவறியதைக் கூறாது, எதிர்பாராத இடையூறுகளாற் படிப்பு தடைப்பட்டதென்று மாத்திரம் எழுதியிருப்பது நம் இளைஞர்க்குப் புன்னகை விளைவிக்கலாம். பிரஸிடென்ஸி கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் நற்சாட்சிப் பத்திரம் உடன் சென்றது. மார்ச்சு 1-ல் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலைக்கு அமர்ந்தார். அவ்வாபீஸின் மேலதிகாரிகளுள் ஒருவராகிய நாராயண ஐயரும் அக்கணித சங்கத்தைச் சார்ந்தவரே.

உயர் உத்தியோகங்கள் அக்காலத்திற் சில வகுப்பாரிடமே குவிந்திருந்தன என்பது மெய். அக்கதவுகள் எல்லார்க்கும் எளிதில் திறந்திரா. எனினும், இராமானுஜனுக்குப் பயன்பட்டது வெறும் உறவு முறையன்று. அந்நோட்டிற் கண்டதைப் படித்தறிய வல்லார், அறிய வல்ல மற்றொருவரைக் காட்டினர்; சங்கமும் அதன் பத்திரிகையும் அவர்களை முன்னரே ஒருவரோடொருவர் இணைத்திருந்தன. 1911-ல் அப்பத்திரிகையிலேயே அவரது முதற் கட்டுரை வெளிவந்தது.

நாராயண ஐயரும், டிரஸ்டின் தலைவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங்கும் அவரைக் குமாஸ்தாவாகவே வைத்துக்கொள்ள விழையவில்லை. 1913 மே மாதத்தில் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் அளிக்கவே, அவர் துறைமுகக் கணக்கை விடுத்துத் தம் கணக்கிற்குத் திரும்பினார்.