நீர்க்கரையில் நிற்பவை

வீட்டுத் தோட்டத்தில் சிறு குளம் ஒன்று வெட்டி, அங்கே பறவையும் தவளையும் தும்பியும் வந்து வாழவேண்டும் என்று விரும்புவோர் பலர். கரையில் எதை நடுவது என்பதே அவர்கள்முன் நிற்கும் முதல் வினா. அதற்கு விடை தரும் வரலாறு ஒன்று இராஜஸ்தானத்துப் பரத்பூரில் உண்டு.

அங்குள்ள கேவலாதேவ் நீர்நிலை மனிதன் கைபட்டு உருவானது. 18-ஆம் நூற்றாண்டில் மன்னர் சூரஜ்மல் கட்டிய அஜான் அணையின் நீர், தாழ்ந்த நிலத்திற் பரவித் தேங்கிற்று. பின்வந்த அரசர்கள் கரைகளும் மதகுகளும் அமைத்து அதனை வாத்து வேட்டைக்களமாக்கினர். 1938-இல் வைசிராய் லின்லித்கோவின் வேட்டைக் குழுவினர் ஒரே நாளில் வீழ்த்திய பறவைகள் 4,273. அந்த இடமே 1956-இல் பறவைகளின் புகலிடமாயிற்று.

பறவைகளை அங்கே நிலைநிறுத்தியதில் மரங்களின் பங்கு பெரிது. நீருக்கிடையே நிற்கும் கருவேல மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டுகின்றன. முள்ளும், அடிமரத்தைச் சூழ்ந்த நீரும் குஞ்சுகளுக்கு இரட்டை அரணன்றோ!

1982-இல், காப்பகத்தைத் தூய்மையாய்க் காக்கும் நல்லெண்ணத்துடன், எருமைகள் மேய்வது தடுக்கப்பட்டது. தலைமுறைகளாக மேய்த்துவந்த கிராமத்தார் எதிர்த்தனர். கலவரத்தில் உயிர்களும் மாண்டன. ஆனால் விளைவு எதிர்பாராதது. எருமையின் வாய்க்கு அடங்கியிருந்த நீர்ப்புல் தடையின்றிப் படர்ந்து, திறந்த நீர்ப்பரப்பை மூடலாயிற்று. வாத்துகளுக்கு நீந்த இடம் குறைந்தது. எருமையின் மேய்ச்சலே புல்லை அடக்கிவந்தது என்பதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் நீண்டகால ஆய்வு புலப்படுத்திற்று. காவலுக்குத் தடையெனக் கருதிய எருமை, உண்மையில் தோட்டக்காரனாய் இருந்தது!

மற்றொரு பாடமும் உண்டு. அயல்நாட்டினின்று வந்த சீமைக் கருவேலம் காப்பகத்தின் மேட்டுநிலங்களில் பரவி, புல்வெளியையும் நாட்டு மரங்களையும் நெருக்கியது. பெயரால் கருவேலத்தின் உறவு; செயலாலோ அதன் பகை. அதனை வேரோடு களையச் சுற்றுக் கிராமத்தாரின் கைகளே பின்னர் வேண்டியிருந்தன.

1985-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்ட இந்த 29 சதுர கிலோமீட்டர் நிலம் கற்பிப்பதை நம் சிறு குளத்திற்கும் கொள்ளலாம். அந்தந்த மண்ணுக்குரிய செடியையே தேர்க. ஒரு மூலையில் புதர் அடர்ந்திருக்கட்டும். ஒரு பக்கம் கோரையும் சரிந்த கரையும் இருக்கட்டும். நடுவே நீர் திறந்தே கிடக்கட்டும். அழகுக்கென்று விரைந்து படரும் அயற்செடியை அண்டவிடாதீர். எல்லாவற்றிற்கும் மேலாக, அரிவாளை மறவாதீர். நட்ட கையே அளவறிந்து அறுக்கவும் வேண்டும்; எருமை இல்லாத குளக்கரையில் எருமையின் கடமை நம்முடையதே.