தற்காலிக நாற்காலிகள்

ப்ராட்வேயின் சரித்திரத்தை நாடகக் கொட்டகைகளை வைத்து எழுதியிருக்கிறார்கள். 376 மடக்கு நாற்காலிகளை வைத்தும் எழுதலாம் என்று படுகிறது.

1811ல் மன்ஹாட்டன் தீவைக் கட்டம் கட்டமாக வகுக்கத் திட்டம் போட்டபோது, அதற்கு முந்திய இந்தப் பாதை அடங்காமல் பிழைத்துக்கொண்டது. அவென்யூக்களைச் சாய்வாக வெட்டிக்கொண்டு போகிறது. வெட்டுமிடங்களில் மிஞ்சும் முக்கோணத் துண்டுகளுக்குத்தான் 'ஸ்கொயர்' என்று பெயர். டைம்ஸ் ஸ்கொயருக்கு அந்தப் பெயர் 1904ல் வந்தது, அங்கே கட்டிடம் எழுப்பிய பத்திரிகையின் உபயம். நூறு வருஷத்துக்கு மேல் அது வெறும் சந்தியாகவே இருந்தது. சாய்ந்து வரும் தெருவுக்கும் சிக்னல் முறை வைத்தாக வேண்டும், ஆகவே எல்லோருக்கும் காத்திருப்பு. நடக்கிறவர்கள் நடைபாதை கொள்ளாமல் கார்களுக்கிடையே இறங்கி நடந்தார்கள். உட்காருகிற பேச்சே கிடையாது.

உட்காரும் விஷயத்தில் நியூயார்க்குக்கு ஒரு பூர்வகதை உண்டு. 1961ம் வருஷ விதிகளின்படி, கட்டிட முதலாளி ஒரு சதுர அடி வெட்டவெளியைப் பொதுஜனங்களுக்கு விட்டால், மேலே பத்து சதுர அடி வரை அதிகமாகக் கட்டிக்கொள்ளலாம். (வங்கியில் வட்டிக் கணக்குப் போடுகிறவன் பெருமூச்சு விடவேண்டிய விகிதம்.) வெளியை விட்டார்கள், உட்கார எதுவும் வைக்கவில்லை. எழுபதுகளில் வில்லியம் வைட் காமிராவுடன் போய் நின்று கண்டுபிடித்தது, உட்கார வசதியுள்ள இடத்தில்தான் மனிதர்கள் உட்காருகிறார்கள் என்பது. இதைச் சொல்லவே படம் பிடித்துக் காட்ட வேண்டியிருந்தது. 1975ல் இருக்கைகள் கட்டாயமாயின. அவர் கவனித்த இன்னொன்று எனக்கு அதைவிட முக்கியம்: தனி நாற்காலி கிடைத்தவர் உட்காருமுன் அதை ஓரிரு அங்குலம் நகர்த்துகிறார். வெயில், நிழல் என்ற காரணம் எதுவும் இல்லாமலே.

'தற்காலிகம்' என்ற சொல்லுக்கும் அங்கே முன்கதை இருக்கிறது. 1958ல் வாஷிங்டன் ஸ்கொயர் பூங்காவின் ஊடே போன சாலையைச் சோதனைக்காக மூடச் செய்தார்கள், ஷர்லி ஹேய்ஸ், ஜேன் ஜேக்கப்ஸ் முதலியோர். சுற்றுத் தெருக்கள் ஸ்தம்பித்துவிடும் என்று அதிகாரிகள் ஜோஸ்யம் சொன்னார்கள். ஸ்தம்பிக்கவில்லை. சாலை கார்களுக்கு மறுபடி திறக்கவுமில்லை.

ஐம்பது வருஷம் கழித்து, 2008ல், போக்குவரத்துக் கமிஷனர் ஜானெட் சாதிக்-கான் 42ம் தெருவுக்குத் தெற்கே ப்ராட்வேயின் தடங்கள் சிலவற்றை எடுத்து சைக்கிளுக்கும் மேஜை நாற்காலிக்கும் கொடுத்தார். 2009 மே கடைசியில் 42லிருந்து 47ம் தெரு வரை, சோதனை என்று சொல்லி, அடியோடு மூடினார். ஆர்டர் கொடுத்த இருக்கைகள் வந்து சேரவில்லை. டைம்ஸ் ஸ்கொயர் அலையன்ஸ் என்ற வட்டார வியாபார அமைப்பு ப்ரூக்ளினில் ஒரு சாமான் கடையிலிருந்து அந்த 376 நாற்காலிகளை, ஒன்று பத்து டாலர் சொச்சத்துக்கு, வாங்கிப் போட்டது. கடற்கரையில் போடுகிற தினுசு. ஊரெல்லாம் நாற்காலியின் அசிங்கத்தைப் பற்றிச் சண்டை போட்டது. தெருவை மூடியதைப் பற்றிய சண்டை அதில் அமுங்கிப்போயிற்று.

2010 ஜனவரியில் அறிக்கை வந்தது: அந்தப் பகுதியில் நடப்பவர்கள் காயமடைவது 35 சதவிகிதம் குறைந்தது, வண்டியில் செல்பவர்களுக்கு 63 சதவிகிதம். அடுத்த மாதமே மேயர் ப்ளூம்பெர்க் மூடலை நிரந்தரமாக்கினார்.

நாற்காலி போட்டவர்கள் வியாபாரிகள்; சுற்றிலும் வெளிச்ச விளம்பரங்கள்; உட்கார்ந்தவன் அண்ணாந்து பார்த்தாக வேண்டும். இலவச ஆசனம் போட்ட விளம்பரக் கொட்டகை இது என்று ஒருவர் வாதிக்கலாம், நியாயமாகவே. ஆனால் காபி வாங்காமல், யாரென்று சொல்லாமல், மணிக்கணக்கில் உட்கார ஒருவனுக்கு அங்கே முடிந்தது. அந்த ஊரில் இது சின்ன விஷயமில்லை. அதிகாரத்துக்கு இது உறுத்தியது என்பதற்கு 2015 சாட்சி. வேஷக்காரர்களும் உடம்பில் வர்ணம் பூசிய பெண்களும் காசு கேட்கிறார்கள் என்று புகார் எழுந்ததும், எல்லாவற்றையும் தோண்டியெறிந்து பழையபடி தெருவாக்கிவிடலாம் என்றார் போலீஸ் கமிஷனர் ப்ராட்டன். தோண்டவில்லை. 2016ல் தரையில் வர்ணக் கட்டங்கள் வரைந்து, காசு கேட்பவர்கள் அவற்றுக்குள்தான் நிற்க வேண்டும் என்றார்கள். 2017 வாக்கில் ஸ்னோஹெட்டா என்ற நார்வே ஸ்தாபனத்தின் திட்டப்படி தளம் முழுவதும் புதிதாகப் போட்டாயிற்று. கனத்த, நீண்ட கிரானைட் பெஞ்சுகள், தரையோடு பதித்தவை.